அலைவழிச் செய்தியும் அறியாத் தண்டனையும்

விடுமுறை கழிந்து பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தினின்றும் திரும்பும் நம் மாணாக்கர் வாயில் ஆண்டுதோறும் ஒரே முறையீட்டைக் கேட்கின்றோம். "ஊரில் இருந்தவரையில் ஒரு விண்ணப்பத்தையும் அனுப்ப இயலவில்லை, கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருந்தன, ஆயினும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது" என்பதே அது. இதற்கு ஊரார் கூறும் பரிகாரம் ஒன்றே: இன்னுமொரு கோபுரம் வேண்டும். கோபுரம் வேண்டா என்று யாம் கூறவில்லை. பச்சைமலை அடிவாரத்திலேனும் கொள்ளிடக் கரையிலேனும் அலை எட்டாத ஊர் ஒன்று உளதாயினும் அக்கோரிக்கை நியாயமே. ஆயினும், கோடுகள் நிறைந்திருந்தும் செய்தி செல்லவில்லையெனின், குற்றம் கோபுரங்களின் தொகையில் மட்டும் இல்லை; செய்தியை நடத்திச் செல்லும் விதியிலும் உண்டு என்பது எம் கருத்து. அவ்விதியைத் திருத்தும் வழிகள் சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகளாக அறிஞரால் ஆராயப்பட்டு வந்துள்ளன. பொதுமக்கள் பணிக்கென்று வைக்கப்பட்டுள்ள ஒவ்வொரு கணினியிலும் அவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன அலுவல் என்று பௌதிக வகுப்பு நண்பர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இழந்துபோன ஏட்டை நோக்கி, 'இஃது ஏன் இழந்தது?' என்று வினவுவது எம் துறையின் நாள்தோறுமான தொழில். அவ்வினாவே இவ்விஷயத்துக்கும் உயிர்நிலையாம் என்பது பின்னர் விளங்கும்.

இணையத்தில் ஒரு கடிதமோ படமோ முழு உருவாய்ச் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் வரிசை எண்ணைத் தாங்கிச் செல்கின்றது. ஒரு பொதி பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. பெறுவோன், "இன்ன எண் வரையிற் பெற்றேன்" என்று மறுமொழிச் சீட்டு விடுக்கின்றான். சீட்டு வாராவிடின் அனுப்புவோன் அப்பொதியை மீண்டும் அனுப்புகின்றான். இவ்வொழுங்குக்கு டி.சி.பி. என்று பெயர். விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974-இல் இதன் அடிப்படையை வெளியிட்டனர். 1981-இல் இது திட்டமான வடிவம் பெற்றது. இடையிலுள்ள வழி நம்பத்தகாததாயினும், இரு முனையிலும் உள்ளோர் தம்முள் கணக்கு வைத்துக்கொண்டால் செய்தி பழுதின்றிச் சேரும் என்னும் துணிபே இதன் அழகு.

இதில் ஒரு குறையும் இருந்தது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜ தூரமேயுள்ள வழியில், விநாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த போக்குவரத்து 40 பிட்டாகச் சுருங்கிற்று. காரணம் வேறொன்றுமில்லை, வழியில் நெரிசல் மிகுந்து பொதிகள் இழக்க, இழந்தவற்றை எல்லோரும் மீண்டும் மீண்டும் அனுப்ப, நெரிசல் பின்னும் மிகுந்தது. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவனும் முன்னோக்கித் தள்ளினால் தேர் நகருமோ? இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு விதி வகுத்தார். சீட்டுகள் ஒழுங்காக வருமளவும் அனுப்பும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே செல்க. ஒரு பொதி இழந்ததென்று தெரிந்தால் உடனே அளவைக் குறைத்துக்கொள்க என்பதே அது. பின்னர் நிலைபெற்ற வழக்கப்படி அக்குறைப்பு சரிபாதி. இவ்விதி இணையத்தைக் காத்தது என்பது மிகையன்று.

நிற்க. இவ்விதி ஓர் அனுமானத்தின்மேல் நிற்கின்றது. இழப்பு என்றால் நெரிசல் என்பதே அவ்வனுமானம். கம்பி வழியில் இது பெரும்பாலும் உண்மை. கம்பியிற் செல்லும் பொதி தானே சிதைந்து அழிவது மிக அரிது. அலை வழியிலோ கதை வேறு. மலைச்சரிவு மறைக்கின்றது; சுவர் விழுங்குகின்றது; அயலிலுள்ள கருவியின் அலை குறுக்கிடுகின்றது; பேருந்தில் செல்வோன் ஒரு கோபுரத்தின் எல்லையை நீங்கி மற்றொன்றன் எல்லையிற் புகுகின்றான். இவற்றுள் எது நிகழினும் பொதி இழக்கும். வழியோ காலியாகவே கிடக்கும். ஆயினும் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் அனுப்புங்கணினி, "நெரிசல், நெரிசல்" என்று அஞ்சித் தன் அளவைப் பாதியாக்கிக்கொள்ளும். அடுத்த பொதி இழந்தால் பாதியிற் பாதி. காரணத்தை வினவாமலே தண்டம் விதித்தாயிற்று.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தவர். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் பயின்றவர். பிற்காலத்தில் அவர் கையில் வந்த சுவடிகளில் ஏடு முறிந்தனவும் எழுத்துத் தேய்ந்தனவும் பல. ஓர் ஏடு இல்லையெனின் அது செல்லரித்துப் போயிற்றா, படி எடுத்தோன் விட்டுவிட்டானா, ஆசிரியரே எழுதவில்லையா என்று பிரித்தறிவது பதிப்பாசிரியர் கடமை. செல்லரித்ததாயின் வேறு பிரதி தேடுவார். ஆசிரியர் எழுதவில்லையாயின் அவ்வளவில் அமைவார். எல்லா இழப்புக்கும் ஒரே காரணம் கற்பித்து வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தால் இன்று நமக்குச் சங்க நூல்கள் எங்ஙனம் கிடைத்திருக்கும்? பழைய டி.சி.பி. அத்தகைய பதிப்பாசிரியர். (செல் என்பது கறையானுக்குப் பெயர், இக்காலத்தார் கைப்பேசியையும் செல் என்றே வழங்குகின்றனர். ஒன்று ஏட்டையும் மற்றொன்று பொதியையும் தின்பது சொல்லாராய்ச்சியில் வாராத பொருத்தம்.)

தண்டனையின் அளவையும் சிறிது காண்போம். மாத்திஸ் முதலிய ஆய்வாளர் 1997-இல் வெளியிட்ட கணக்கின்படி, பழைய பாதியாக்கும் விதியில் செய்தியின் விரைவு இழப்பு வீதத்தின் வர்க்கமூலத்துக்கும் போய்வரும் காலத்துக்கும் தலைகீழாக நிற்கும். பொதி போய்ச் சீட்டுத் திரும்ப விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகின்றதென்றும், நூறு பொதிக்கு ஒன்று இழக்கின்றதென்றும் கொள்வோம். அவ்வழி விநாடிக்கு 2 கோடி பிட் தாங்கவல்லதாயினும் ஒரு தொடர்பு எய்துவது ஏறக்குறைய 14 லட்சம் பிட்டே. அவ்விழப்பைப் பதினாயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் விரைவு பத்து மடங்காகின்றது. ஒரு கோபுரமும் கூட்டவில்லை. ஓர் அலைக்கற்றையும் ஏலத்தில் எடுக்கவில்லை.

சிறு அலுவல்களின் துன்பம் இதனினும் கொடிது. அதுவே எம் நெஞ்சை உறுத்துவது. நியாயவிலைக் கடையில் விரல் வைக்கும் முதியவள், இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் பையன், வங்கிக் கணக்கைப் பார்க்கும் சின்ன வெங்காய வியாபாரி ஆகிய இவர்கள் அனுப்புவனவும் பெறுவனவும் சில பொதிகளே. நீண்ட செய்தியில் ஒன்று இழந்தால் பின்வரும் பொதிகளுக்குரிய சீட்டுகள் மும்முறை ஒரே எண்ணைத் திருப்பிச் சொல்லி இழப்பை விரைவில் அறிவித்துவிடும். சிறு செய்தியில் பின்வரும் பொதிகளே இல்லை. ஆதலின் அனுப்புவோன் கெடு முடியுமளவும் வாளாவிருத்தலன்றி வேறு வழியில்லை. தொடர்பு தொடங்கும் முதற்பொதியே இழந்ததாயின் 2011-இல் திருத்தப்பட்ட நியமப்படி ஒரு விநாடி காத்தல் வேண்டும். மீண்டும் இழந்தால் இரண்டு, பின்னர் நான்கு, பின்னர் எட்டு. கடைக்காரர் "சர்வர் இல்லை, நாளை வா" என்று சொல்வதற்கு இவ்வளவு காலம் போதும். அம்முதியவளின் ஒருநாட் கூலி இக்கணக்கில் எங்கும் எழுதப்படுவதில்லை.

இனி, அறிஞர் கண்ட வழிகளைப் பார்ப்போம். 1995-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பக்ரே, பத்ரிநாத் என்னும் இருவர், தொடர்பைக் கோபுரத்தடியில் இரண்டாக வெட்டி, கம்பிப் பகுதிக்கு ஒரு கணக்கும் அலைப் பகுதிக்கு வேறு கணக்கும் வைக்கலாம் என்றனர். பயன் உண்டு, ஆனால் கோபுரம் "பெற்றேன்" என்று சீட்டு விடுத்த பின்னர்ப் பெறவேண்டியவன் பெறாமற் போனால் அச்சீட்டுப் பொய்யாகிவிடும். அஞ்சற்காரர் தாமே கையெழுத்திட்டு ஒப்புகை அனுப்பிவிட்டுப் பின்பு கடிதத்தைக் கொண்டுசெல்வது போன்றது இது. எமக்கு இஃது உடன்பாடன்று.

அதே ஆண்டில் பெர்க்கிலியில் ஹரி பாலகிருஷ்ணன், சீனிவாசன் சேஷன், ஏலன் அமீர், ரேண்டி காட்ஸ் ஆகியோர் வேறொரு வழி கண்டனர். இவருள் பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் 1993-இல் பட்டம் பெற்றுச் சென்றவர்; 2023-இல் மார்க்கோனிப் பரிசு பெற்றவர். அவர்கள் முறைக்கு ஸ்னூப் என்று பெயர். கோபுரத்தடியிலுள்ள கருவி தன் வழியாகச் செல்லும் பொதிகளுக்கு ஒவ்வொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். கைப்பேசியினின்றும் வரும் சீட்டுகளைக் கண்காணித்து, அலையில் ஒரு பொதி இழந்ததெனக் கண்டால் தானே அதனை மீண்டும் அனுப்பிவிடும். இழப்பைத் தெரிவிக்கும் சீட்டை மேலே செல்லவிடாது தடுத்துவிடும். தூரத்திலுள்ள அனுப்புவோன் அச்சங்கொள்ள இடமில்லை. பொய்ச்சீட்டும் இல்லை, ஏனெனில் கைப்பேசி பெற்ற பின்னரே "பெற்றேன்" என்பது செல்லும். அவர்கள் சோதனையில் பழைய டி.சி.பி.யைவிட இருபது மடங்கு வரையில் விரைவு கிட்டியதாம். வீட்டுச் சண்டையை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளும் குடும்பம் போன்றது இம்முறை.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துப் பேச்சன்றோ, நம் நாட்டில் நடந்ததுண்டோ என்று கேட்பார்க்குத் தேனியைக் காட்டுவோம். அரவிந்த் கண் மருத்துவமனை தன் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கண் பார்வை மையங்களை நிறுவிற்று. அங்கு வரும் நோயாளரை மருத்துவமனையிலுள்ள மருத்துவர் படமும் குரலுமாகக் கண்டு பேசி ஆராய்தல் வேண்டும். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து எரிக் புரூவரின் குழுவினர், வீட்டிலும் விடுதியிலும் பயன்படும் மலிவான வை-ஃபை கருவியையே எடுத்து, திசைநோக்கிய அலைவாங்கிகளைப் பூட்டி, பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்புக் கொடுத்தனர். முதலில் இணைப்பு நிறைவளிக்கவில்லை. ஆராய்ந்தபோது குற்றம் மூவகையாகத் தெரிந்தது. வை-ஃபை ஒவ்வொரு பொதிக்கும் சீட்டு வருமளவும் நின்று காத்திருப்பது. ஓர் அறைக்குள் அக்காத்திருப்புத் தோன்றாது, பல கிலோமீட்டரில் அதுவே காலத்தை உண்டுவிடும். அன்றியும், பேசுமுன் வேறொருவர் பேசுகின்றாரா என்று செவிகொடுக்கும் அதன் வழக்கம் தூரத்தில் பயன்படாது. மறுமுனையில் எழுந்த ஒலி வந்து சேருமுன் இவனும் பேசத்தொடங்குவான். இரண்டும் மோதி அழியும். மூன்றாவது, ஊர்களிலுள்ள அயல் வை-ஃபைகளின் குறுக்கீடு.

அவர்கள் செய்த திருத்தம் நம் ஊர் ஏரிப்பாசனம் அறிந்தார்க்குப் புதிதன்று. முறைநீர் போல இரு முனைக்கும் காலத்தைப் பங்கிட்டனர்: இன்ன கணம் உன்னுடையது, இன்ன கணம் என்னுடையது. பொதிதோறும் சீட்டு என்பதை மாற்றித் தொகுதிக்கு ஒரு சீட்டு என்றனர். இழப்பு மிக்கவிடத்து மிகைப்பொதிகள் சிலவற்றை முன்கூட்டியே சேர்த்தனுப்பி, இழந்ததைப் பெறுவோனே கணக்கிட்டு மீட்குமாறு செய்தனர். வைல்டுநெட் என்னும் பெயரால் 2007-இல் வெளியிட்ட அவர்தம் கட்டுரையில், டி.சி.பி.யின் விரைவு இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்ததாகக் கண்டுள்ளனர். அதே கருவி, அதே தூரம், அதே காற்று; மாறியது விதி ஒன்றே. கோபுரத்தின் தொகையையே எண்ணிக்கொண்டிருப்போர் இவ்வொரு செய்தியையாவது மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இக்காலத்து நான்காம் தலைமுறைக் கோபுரங்கள் இப்பாடத்தை ஓரளவு கற்றுள்ளன என்பதை மறைத்தல் நேர்மையன்று. அவை முதல் முயற்சியில் பத்தில் ஒன்று தவறினும் தவறுக என்று துணிந்து விரைவாக அனுப்பி, தவறியதைச் சுமார் 8 மில்லிவிநாடிக்குள் தாமே மீண்டும் அனுப்பிவிடுகின்றன. ஸ்னூப் செய்த வேலையைக் கீழ்ப்படியிலேயே செய்துவிடுகின்றன எனலாம். ஆதலின் இழப்பு மறைந்தது. ஆனால் நோய் உருமாறிற்று. இழப்பு இருந்த இடத்தில் இப்போது தாமதம் இருக்கின்றது; அதுவும் ஒரு சீராக இல்லை. மேலும், ஒரு பொதியும் வீணாகலாகாது என்று கோபுரத்தடியில் பெரிய தேக்கறைகளை வைத்துள்ளனர். இழப்பைக் கண்டாலன்றி அஞ்சாத பழைய விதி அத்தேக்கறை நிறையுமளவும் பொதிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒருவன் திரைப்படம் இறக்கினால், அதே வரிசையின் பின்னே நிற்கும் அவனுடைய பயிர்க்காப்பீட்டு விண்ணப்பம் விநாடிக்கணக்கிற் காத்திருக்கும். ஜிம் கெட்டிஸ் என்பார் 2010-ஐ ஒட்டி இந்நோயைப் பெயரிட்டு எடுத்துரைத்தார். அரியலூர் வழியே செல்லும் ரயிலில் கைப்பேசியை நோக்கியிருப்போர், சிறிது நேரம் ஒன்றும் வாராமல், பின்னர் எல்லாம் ஒருங்கே வந்து விழுவதைக் கண்டிருப்பர். இடையில் அனுப்புவோன் கெடு முடிந்ததென்று எண்ணி, இழக்காத பொதியையும் மீண்டும் அனுப்பியிருக்கக்கூடும்.

ஆகவே நடுவிலுள்ளார் திருந்தினால் மட்டும் போதாது. முனையிலுள்ளாரும் திருந்துதல் வேண்டும். 2016-இல் கூகுள் நிறுவனத்தார் பி.பி.ஆர். என்னும் புதிய விதியை வெளியிட்டனர். இழப்பை நோக்கி நடுங்காமல், வழி உண்மையில் எவ்வளவு தாங்குகின்றது, போய்வர மிகக் குறைந்த காலம் எவ்வளவு என்னும் இரண்டையும் அளந்து, அவ்வளவே அனுப்புக என்பது அதன் கொள்கை. அதனை எழுதிய ஐவருள் ஒருவர் வான் ஜேக்கப்சனே. 1988-இல் தாம் வகுத்த விதியின் அடிப்படையை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் தாமே மாற்றத் துணிந்த அவர் மனப்பான்மையை யாம் பெரிதும் மதிக்கின்றோம். அவ்வாண்டே அது லினக்ஸில் சேர்க்கப்பட்டது. ஈண்டு ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. செய்தியில் பெரும்பகுதி நகரத்துக் கணினியிலிருந்து சிற்றூருக்கு வருவதே. இவ்விதியோ அனுப்புவோனிடத்து மட்டும் மாற்றினாற் போதுவது. பெரம்பலூரிலுள்ள ஒருவர் புதிய கைப்பேசி வாங்கவேண்டுவதில்லை, ஒன்றும் அறியவேண்டுவதுமில்லை. அனுப்புங்கணினியைப் பேணுவோர் சில வரிகள் மாற்றிச் சோதித்துப் பார்த்தால் அமையும். இவ்வளவு சிறு முயற்சிக்கும் சோம்புவது தகுமா?

பி.பி.ஆர். குற்றமற்றதன்று. அதன் முதல் வடிவம், தேக்கறை சிறிதாயுள்ள வழியில் பழைய விதியைப் பின்பற்றும் அண்டையாரின் பங்கையும் கவர்ந்துகொள்ளும் என்று ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். இக்காரணத்தால் அதனை முற்றும் விலக்குக என்பாரும் உளர். யாம் உடன்படோம். எங்கும் கண்ணை மூடிக்கொண்டு புகுத்துக என்று கூறவில்லை. அளந்து, ஒப்பிட்டு, திருத்திய வடிவங்களைக் கொள்க என்கின்றோம்.

2021 மே மாதத்தில் நியமமாக வெளிவந்த க்விக் என்னும் ஒழுங்கு சிறு அலுவல்களுக்கு நேரே மருந்தாவது. முன்னர்த் தொடர்பு கொள்ள ஒரு போய்வரவும், மறைகுறி பேசி முடிக்க இரண்டு போய்வரவுமாக மூன்று ஆயிற்று. க்விக்கில் இவை ஒன்றாக அடங்கின. முன்பே அறிமுகமானவர்க்கு அதுவும் தேவையில்லாதபடி செய்யலாம். பேருந்தேறிக் கல்லூரியின் வை-ஃபையை நீங்கிக் கைப்பேசி அலைக்கு மாறினாலும், முகவரியை நோக்காமல் தொடர்பெண்ணை நோக்கிச் செய்தி தொடர்கின்றது.

ஆனால் இதனால் ஒரு வழக்கு எழுந்துள்ளது. க்விக்கில் சீட்டுகளும் மறைகுறியில் செல்வதால், ஸ்னூப் போன்ற நடுவர் ஒருவர் அவற்றைப் படித்து உதவ இயலாது. உதவுதற்பொருட்டு மறைப்பைத் தளர்த்துக என்று வலையமைப்பு நடத்துவோருள் சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதத்தை யாம் அஞ்சுகின்றோம். உதவுதற்குத் திறந்த கடிதம் ஒற்றுக் கேட்பதற்கும் திறந்ததே. முதியவளின் விரல்ரேகைச் செய்தி செல்லும் வழியில் இதனை ஒப்புவதெங்ஙனம்? கோபுரம் பொதியின் உள்ளே நோக்காமலே தன் அலை இழப்பைத் தான் மீட்கலாம் என்பதைத் தேனியும், நான்காம் தலைமுறையும் காட்டிவிட்டன. அதற்கு மேற்பட்ட அறிவு முனையிலேயே இருப்பதாக.

நம் இரு மாவட்டங்களுக்கு வருவோம். பெரம்பலூரில் 121, அரியலூரில் 201, ஆக 322 ஊராட்சிகள் உள்ளன. பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழகத்து 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசேர்ப்பது டான்ஃபினெட் நிறுவனத்தின் பணி. இழை வந்து சேரினும் அஃது ஊராட்சி அலுவலகத்து வாயில் வரையில்தான். அதற்கப்பால் தெருவுக்கும் வயலுக்கும் செல்வது அலைவழியே. கம்பியும் அலையும் கலந்த இவ்வழியிலேதான் பழைய அனுமானம் மிகுதியும் தவறுவது. ஆதலின் இழை பதிப்போர் இறுதி மைல் கருவிகளை வாங்குங்கால் 'இத்தனை எம்.பி. விரைவு' என்னும் ஒரே எண்ணைக் கொண்டு ஒப்பந்தம் எழுதலாகாது. நெரிசல் வேளையில் போய்வரும் காலம் எவ்வளவு, இழப்பு எவ்வளவு, ஒரு சிறு விண்ணப்பம் முடிவதற்கு எத்தனை விநாடி என்னும் மூன்றும் ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும். விரைவு மட்டும் குறித்தால், தேக்கறையைப் பெருக்கி அவ்வெண்ணை எட்டிவிடுவது எளிது; ரேஷன் கடை வரிசையோ நகராது.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சாலை வழி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டுச் செல்லும் பேருந்தில் ஒருமணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அவ்வொருமணியில் ஒரு கைப்பேசியைக் கொண்டே விநாடிதோறும் போய்வரும் காலத்தையும் இழப்பையும் பதிவுசெய்ய இயலும். வரும் கோடை விடுமுறையில் அவ்வழி ஊர்களைச் சேர்ந்த மாணாக்கர் காலை, நண்பகல், மாலை என மும்முறை அங்ஙனம் பதிந்து, நியாயவிலைக் கடைகளின் வாயிலிலும் அளந்து, அவ்வெண்களை மாவட்ட ஆட்சியர் இருவருக்கும் அனுப்புவாராயின், கோபுரம் எங்கே வேண்டும், விதித்திருத்தம் எங்கே வேண்டும் என்பது முதன்முறையாக ஊர்ப்பெயரோடு தெரியவரும். பௌதிக வகுப்பு நண்பர் கருவியைப் பார்த்துக்கொள்ளட்டும். விண்ணப்பத்தை எழுத யாம் இருக்கின்றோம்.